தொண்டை யாருக்கு வலிக்கிறது?

திருவொற்றியூரில் நான் கடைசியாக வேலை பார்த்த காணொளி மருத்துவ மையத்தில் இந்த மாதம் படிவத்தை மாற்றியிருக்கிறார்கள். இனி நோயாளி பேச வேண்டியதில்லை, கைப்பேசியில் தட்டினால் போதும். தொண்டை வலியா, இருமலா, எத்தனை நாள், காய்ச்சல் உண்டா என்று எல்லாவற்றுக்கும் படம் போட்ட பொத்தான் இருக்கிறதாம். இருமலுக்கு ஒரு மஞ்சள் முகம், தொண்டைக்கு ஒரு சிவப்பு முகம். அங்கே இப்போது பணியில் இருக்கும் செவிலியர்கள் இரண்டு பேர் என்னைக் கூப்பிட்டார்கள். "சிஸ்டர், பழைய படிவத்துல ஒன்பதாவது கட்டம்னு ஒண்ணு இருந்துச்சே, அது எதுக்கு? புதுசுல அதை எடுத்துட்டாங்க. ஒரு கட்டம் கொறஞ்சா நல்லதுதானே?" என்று கேட்டார்கள். நல்லதா இல்லையா என்பதைப் போனில் சொல்லி முடியாது, எழுதித் தருகிறேன் என்றேன். ஓய்வு பெற்றவளிடம் கேள்வி கேட்டால் இதுதான் ஆபத்து.

என் பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அப்பா தெற்கே நாசரேத் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மளிகைக் கடை வைத்தவர். நான் பிறந்ததும் படித்ததும் இங்கேதான். செவிலியர் பயிற்சி மூன்றரை வருடம். முதல் வருடம் படுக்கை விரிப்பின் மூலையை எப்படி மடிப்பது என்று கற்றுக்கொண்டேன். மீதி வருடங்கள், அதைத் தவறாக மடித்தவர்களை எப்படி முறைப்பது என்று கற்றுக்கொண்டேன். பிறகு ஓர் அரசு மருத்துவமனையில் முப்பத்தொரு வருடம், அதில் இருபத்திரண்டு வருடம் காது மூக்கு தொண்டைப் புறநோயாளிப் பிரிவு. ஓய்வுக்குப் பிறகு ஐந்து வருடம் இந்த மையம். வட சென்னைத் தொண்டைகளை என்னைவிட அதிகம் பார்த்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவரும் இப்போது இல்லை.

அவர் டாக்டர் சற்குணம், எங்கள் பிரிவின் தலைவர். குள்ளமான மனிதர். தொண்டைக்குள் வெளிச்சம் பாய்ச்சும் வட்டக் கண்ணாடியை நெற்றியில் கட்டியிருப்பார். அதைக் கண்ணுக்கு இறக்குவதற்கு முன் நோயாளியிடம் மூன்று கேள்வி கேட்பார்: "பேரு? தெரு? எங்க வலி?" கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். புதிதாக வருபவர்கள் டாக்டர் தூங்கிவிட்டார் என்று நினைப்பார்கள். அவர் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பார். கரகரப்பா, மூக்கடைப்பா, மூச்சு இடையில் உடைகிறதா, எச்சிலை விழுங்கிவிட்டுப் பேசுகிறதா, விழுங்காமலே பேசுகிறதா என்பதெல்லாம் அந்த மூன்று பதிலில் அவருக்குக் கிடைத்துவிடும். அதன் பிறகு வாயைத் திறக்கச் சொல்வது, அவரைப் பொறுத்தவரை, ஒரு சரிபார்ப்பு மட்டுமே.

நோயாளிக்குப் பதிலாக வேறு யாராவது வாயைத் திறந்தால் தொலைந்தார்கள். "தொண்டை யாருக்கு வலிக்குது?" என்று கேட்பார். "இவருக்குத்தான் டாக்டர்." "அப்ப நீ வெளிய போ. குழாய்கிட்ட நில்லு." புறநோயாளிப் பிரிவுக்கு வெளியே ஒரு தண்ணீர்க் குழாய் உண்டு. அதனருகில் எந்நேரமும் ஐந்தாறு அம்மாக்களும் கணவர்களும், ஒருமுறை சீருடையோடு ஒரு போலீஸ் அதிகாரியும் நின்றிருக்கிறார்கள். அதிகாரி தன் மகனுக்காகப் பேசிவிட்டார். மகனுக்கு வயது இருபத்தாறு.

டாக்டர் சற்குணத்தை எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட என்னை உட்காரச் சொன்னதில்லை. ஆனால் அவருடைய அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை, அல்லது மறக்கவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

மையத்துக்கு வருகிறேன். அது ஒரு தனியார் அறக்கட்டளை நடத்துவது. இரண்டு கணினி, ஒரு தண்ணீர் கேன், பதிவு வேலைக்கு சுமதி என்ற பெண், செவிலியராக நான். நோயாளிகள் வீட்டிலிருந்து வீடியோ காலில் வருவார்கள். நான் முதலில் பேசி, விவரம் எழுதி, தொண்டையைப் படம் பிடிக்க வைத்து, கோயம்புத்தூரில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் நிவேதாவோடு இணைப்பேன். மூன்று பேரும் ஒரே திரையில் இருப்போம்.

டாக்டர் நிவேதாவுக்கு என் மகள் வயது. அவசரப்பட மாட்டார். எவ்வளவு கூட்டம் இருந்தாலும் "ங்க" போடாமல் ஒரு வாக்கியமும் முடிக்க மாட்டார். தப்பு செய்தவரிடம் இன்னும் கூடுதலாக இரண்டு "ங்க" போடுவார். அதிலிருந்தே நமக்குத் தெரிந்துவிடும். எங்கள் ஊர்ப் பேச்சுதான் அவருக்குப் புரியாது. எண்ணூர்க்காரர் ஒருவர் முதல் வாரத்திலேயே, "இருமி இருமி பேஜாராயிட்டேன் டாக்டரம்மா, ராவுல குந்திகினே கீறேன்" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். "சிஸ்டர், இவருக்கு என்னங்க ஆச்சு?"

"இருமல்ல அலுத்துப்போச்சாம் டாக்டர். ராத்திரி படுக்க முடியாம உக்காந்தே இருக்காராம்."

"உக்காந்தே இருக்காருங்களா? அது முக்கியமுங்க." உடனே அவரை ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார். இருமல் நோயாளிக்கு அது ஒரு நல்ல சோதனை. மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, இடையில் மூச்சு வாங்காமல் எவ்வளவு தூரம் எண்ண முடிகிறது என்று பார்ப்பது. பன்னிரண்டிலேயே நின்றுவிட்டார். நெஞ்சுப் படம் எடுக்க அனுப்பினோம்.

அன்றிலிருந்து நான் மொழிபெயர்ப்பாளர் ஆனேன். அப்பா கடையில் வளர்ந்தவளுக்கு இந்தப் பேச்சு தண்ணீர் பட்ட பாடு. நோயாளி ஒரு வார்த்தை சொன்னால் நான் மூன்று சொல்வேன். டாக்டர் தலையாட்டுவார். எனக்கு அது பெருமையாகவும் இருந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

தொண்டையைப் படம் பிடிப்பது பற்றி எழுதாவிட்டால் இந்தக் கட்டுரையால் பயனில்லை. நோயாளி ஜன்னலைப் பார்த்து உட்கார வேண்டும், ஜன்னலுக்கு முதுகு காட்டக் கூடாது. படம் பிடிப்பவர் இன்னொருவர். புகைப்படம் வேண்டாம், கைப்பேசி விளக்கை எரியவிட்டு வீடியோ எடுக்க வேண்டும். புகைப்படத்தின் மின்னல் வெளிச்சத்தில் எச்சில் குமிழியெல்லாம் சீழ்ப்புள்ளி போலத் தெரியும். நாக்கை அமுக்க எவர்சில்வர் கரண்டி கூடாது, அது வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். கழுவிய ஐஸ்கிரீம் குச்சி போதும். நாக்கின் நடுவில் அமுக்கினால் போதும், அடியில் அமுக்கினால் நோயாளி வாந்தி எடுப்பார், கைப்பேசியும் வீணாகும். கடைசியாக, அழைப்புக்கு ஒரு மணி நேரம் முன்னால் கொப்பளிக்கக் கூடாது.

இந்தக் கடைசி விதிக்குக் காரணம் சடையங்குப்பத்துக் கல்லூரி மாணவி ஒருத்தி. டாக்டர் பார்க்கப்போகிறாரே, வாய் சுத்தமாக இருக்க வேண்டாமா என்று அவள் அம்மா நல்ல மஞ்சள் போட்டு உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைத்திருக்கிறாள். திரையில் இரண்டு டான்சிலும் பொன்னாக மின்னின. டாக்டர் நிவேதா, "சீழ் நல்லாக் கட்டியிருக்குதுங்க சிஸ்டர்" என்று ஆன்டிபயாடிக் எழுதப் பேனாவை எடுத்துவிட்டார். நாக்கும் மஞ்சளாக இருந்ததை நான் பார்த்தேன். பச்சைத் தண்ணீர் குடிக்கச் சொல்லி மறுபடி பார்த்தபோது வெறும் சளித் தொண்டை. அவள் இருமிக்கொண்டும் இருந்தாள். இருமலும் மூக்கொழுகலும் இருந்தால் பெரும்பாலும் அது வைரஸ், தானாகவே போய்விடும். ஸ்ட்ரெப் கிருமி பிடித்த தொண்டைக்கு வேறு முகம் உண்டு: திடீர்க் காய்ச்சல், வீங்கிய டான்சிலில் வெள்ளைத் திட்டு, தாடைக்குக் கீழே தொட்டால் வலிக்கும் கட்டி, இருமல் கிடையாது. அதற்குத்தான் பத்து நாள் மாத்திரை. மூன்றாம் நாள் வலி போய்விட்டது என்று நிறுத்தினால் அந்தக் கிருமியின் பாதிப்பு பின்னாளில் இதயத்தின் வால்வு வரைக்கும் போய் வேலை காட்டலாம்.

இந்த அனுபவங்களுக்குப் பிறகுதான் மையத்தில் படிவம் தயாரித்தார்கள். எட்டுக் கட்டம் போட்டு முடித்துவிட்டார்கள். கூட்டத்தில் நான் எழுந்து ஒன்பதாவது வேண்டும் என்றேன்: 'நோயாளி தன் வாயால் பேசினாரா? ஆம் / இல்லை. இல்லை எனில் காரணம்.' எதற்கு என்றார்கள். டாக்டர் சற்குணத்தின் குழாயைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் நிவேதா உடனே, "சரியானதுங்க, சேருங்க" என்றார். கணினிக்காரர்கள் சேர்த்தார்கள். கூடவே தங்கள் பங்குக்கு ஒன்றும் செய்தார்கள். 'ஆம்' என்று தட்டினால் அடுத்த பக்கம் வரும். 'இல்லை' என்று தட்டினால் ஒரு பெட்டி திறக்கும், அதில் காரணத்தை ஆங்கிலத்தில் ஐம்பது எழுத்துக்குக் குறையாமல் எழுத வேண்டும். ஒரு கேள்வியை எப்படிச் சாகடிப்பது என்பதற்கு இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது.

இப்போது காசிமேட்டுத் தேசப்பன்.

தேசப்பன் மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் போடுகிறவர். ஐம்பது வயது இருக்கும். விசைப்படகு வந்து மீனைக் கொட்டியதும் சுற்றி நிற்கும் கூட்டத்துக்கு நடுவில் நின்று, எஞ்சின் சத்தத்துக்கும் ஐஸ் உடைக்கும் சத்தத்துக்கும் மேலே கூவி விலையை ஏற்றுவதுதான் அவருடைய தொழில். அந்தத் தொழிலுக்கு முதலீடு தொண்டை. அதனால் காசிமேட்டு ஏலக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு: விடிகாலை ஏலம் முடிந்துவிட்டால் அன்றைக்கு அவர்கள் பேச மாட்டார்கள். வீட்டில் சைகைதான். வெளி ஆட்களோடு மனைவி பேசுவாள். எங்கள் அப்பா கடைக்கு வரும் ஏலக்காரர்கள் பருப்பையும் எண்ணெயையும் விரலைக் காட்டியே வாங்கிப் போவார்கள். சின்ன வயதில் அவர்களெல்லாம் ஊமைகள் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் அப்பாவோடு துறைமுகத்துக்குப் போய் அதில் ஓர் 'ஊமை' கூவுவதைக் கேட்ட பிறகுதான் தெளிந்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை தேசப்பனின் மனைவி கஸ்தூரி வீடியோ காலில் வந்தாள்.

"சிஸ்டர், எங்க வூட்டுக்காரருக்கு மூணு நாளா ஜுரம். தொண்ட ரணமா கீது. இருமல் கிருமல் ஒண்ணியும் இல்ல. இன்னான்னு பாரு."

வீடியோ நன்றாக எடுத்திருந்தாள். வாய் முழுதாகத் திறந்திருந்தது. இரண்டு பக்க டான்சிலும் வீங்கி, மேலே வெள்ளைத் திட்டு. காய்ச்சல் நூற்றிரண்டு. தாடைக்குக் கீழே கஸ்தூரி விரலை வைத்ததும் தேசப்பன் முகத்தைச் சுளித்தார். ஸ்ட்ரெப் தொண்டை என்று பாடப் புத்தகத்தில் போடலாம். டாக்டரை இணைத்தேன்.

"ஐயா, நீங்களே சொல்லுங்க. எப்ப இருந்துங்க வலி?" என்றார் டாக்டர் நிவேதா.

தேசப்பன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையெடுத்துக் கும்பிட்டார். கஸ்தூரி ஆரம்பித்தாள். டாக்டர் கையை உயர்த்தி, "அம்மா, அவரு பேசட்டுமுங்க" என்றார்.

அப்போது நான் குறுக்கே போனேன். "டாக்டர், இவர் ஏலம் போடுறவர். காலைல ஏலம் முடிஞ்சா அப்புறம் பேச மாட்டாங்க. குரலை மிச்சம் பிடிப்பாங்க. மனைவிதான் பேசுவாங்க. இங்க அது வழக்கம்."

"அப்படீங்களா? எனக்குத் தெரியாதுங்க. சரிங்க" என்று அவர் கையை இறக்கிவிட்டார்.

கஸ்தூரி என்னைப் பார்த்து, "அப்பிடிச் சொல்லு சிஸ்டர்! நம்ம ஊரு ஆளு இல்லன்னா யாருக்குத் தெரியும் இதெல்லாம்?" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மருந்து அலர்ஜி உண்டா என்று கேட்டோம், இல்லை. பத்து நாளைக்கு மாத்திரை எழுதினார். ஒன்பதாவது கட்டத்தில் 'ஆம்' என்று தட்டினேன். கும்பிட்டார் அல்லவா, அதுவும் ஒருவகைப் பேச்சுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐம்பது எழுத்து ஆங்கிலம் மிச்சம்.

நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்து நோயாளியைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்பது முறை. புதன்கிழமை பதினொன்றரை மணிக்குக் கூப்பிட்டேன். அடுத்து ஒன்பது அழைப்புகள் வரிசையில் காத்திருந்தன. திரையில் தேசப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு சொம்பு.

"ஜுரம் எப்படி இருக்கு கஸ்தூரி?"

"கொறஞ்சிகிது சிஸ்டர். ஜுர மாத்திர போட்டா எறங்குது."

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாரா?"

"முழுங்க முடில. தண்ணில கரைச்சி ஊத்திகினு கீறேன்."

"சாப்பாடு?"

"எளநீ. அதுவும் நேத்து குடிச்சாரு, இன்னிக்கு வேணான்றாரு."

"அந்தச் சொம்பு எதுக்கு?"

"எச்சி துப்பறதுக்கு. முழுங்கினா காதுல போய் இடிக்குதாம். சைகைல காட்டினாரு."

தேசப்பனைப் பார்த்து, "பரவாயில்லையாப்பா?" என்றேன். தலையை ஆட்டினார். 'முன்னேற்றம்' என்று குறித்தேன். ஒன்பதாவது கட்டத்தில் மறுபடியும் 'ஆம்'. அடுத்த அழைப்பை எடுத்தேன்.

இருபத்திரண்டு வருடம் தொண்டைப் பிரிவில் இருந்தவள் நான். விழுங்க முடியவில்லை, எச்சில் துப்புகிறார், காதில் இடிக்கிறது. இந்த மூன்றையும் சேர்த்து யாராவது மாணவி என்னிடம் சொல்லியிருந்தால் நாற்காலியை விட்டு எழுந்திருப்பேன். இங்கே கஸ்தூரி ஒவ்வொன்றாகச் சொன்னாள், நானும் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனேன். பேசாமல் இருப்பது நான்காவது அடையாளம். அதற்குத்தான் நானே திங்கட்கிழமை விளக்கம் கொடுத்து மூடிவிட்டேனே.

ஒரு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தோம். சுமதி தன் டப்பாவைத் திறந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ச்சே, மறுபடியும் முட்டை. தடைக்காலம் முடியற வரைக்கும் எங்கம்மா இதத்தான் கட்டுவாங்க. ஐஸ் மீன் கலீஜா கீதுன்னு வாங்கவே மாட்டேன்றாங்க சிஸ்டர்."

நான் கையில் எடுத்த சோற்றைத் திரும்ப வைத்துவிட்டேன்.

தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கும் அந்த இரண்டு மாதம் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. எல்லாம் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும். படகு போகாவிட்டால் மீன் இல்லை, ஏலம் இல்லை. மூன்று வாரமாக தேசப்பனுக்கு வேலை இல்லை. வேலையே இல்லாத ஏலக்காரர் எந்த ஏலத்துக்காகக் குரலை மிச்சம் பிடிக்கிறார்?

தடைக்காலம் எனக்குத் தெரியாதா? தெரியும். மீன் கடையில் தினமும் புலம்பிக்கொண்டிருந்தவள்தான். அது ஒரு பக்கம் தெரிந்திருந்தது, ஏலக்காரர் வழக்கம் இன்னொரு பக்கம் தெரிந்திருந்தது. இரண்டும் சந்திக்க ஒரு முட்டைக் குழம்பு தேவைப்பட்டது.

கை கழுவாமலே கூப்பிட்டேன்.

"இன்னா சிஸ்டர், இப்பத்தான பேசின?" என்றாள் கஸ்தூரி.

"போனை அவர் முகத்துக்கு நேரா பிடி. தேசப்பா, வாயைத் திற."

"தொறந்துகினுதான கீறாரு."

திறந்திருப்பது உதடு. பல்லுக்கு நடுவே இடைவெளி போதவில்லை. "மூணு விரலை ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி பல்லுக்கு நடுவுல வைப்பா" என்றேன். நல்ல வாய் என்றால் மூன்று விரல் போகும். அவருக்கு ஒன்று போனது, அதுவும் முக்கால்வாசி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"உன் பேரைச் சொல்லு."

தலையை அசைத்தார்.

"தேசப்பன், சிஸ்டர்!" என்றாள் கஸ்தூரி. "உனுக்குத் தெரியாதா?"

"உன்னைக் கேக்கலடி. தொண்டை யாருக்கு வலிக்குது?"

சொன்ன பிறகுதான் யார் வார்த்தை அது என்று உறைத்தது. கஸ்தூரி வாயடைத்துப் போனாள். அந்த மௌனத்தில் தேசப்பன் தன் பெயரைச் சொன்னார். சுடச்சுட ஓர் இட்லித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் பேசினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு குரல். அந்தக் குரலை டாக்டர் சற்குணத்தின் அறையில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். டான்சிலுக்குப் பின்னால் சீழ் கட்டிக்கொண்டு, தொண்டையை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு வரும்போது வருகிற குரல். அந்தக் கட்டி இன்னும் பெருத்தால் மூச்சுக்கு வழி இருக்காது. உள்ளேயே உடைந்தால் சீழ் நுரையீரலுக்குப் போகும்.

டாக்டர் நிவேதா வேறொரு நோயாளியோடு இருந்தார். நோயாளியை மருத்துவமனைக்கு அனுப்ப மருத்துவரின் ஒப்புதல் வேண்டும் என்பது விதி. ஆனால் விதிப் புத்தகத்தின் பின்னிணைப்பில் நான்காவது பத்தி என்று ஒன்று உண்டு: மூச்சுப் பாதைக்கு ஆபத்து என்று செவிலியர் கருதினால் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பின்னிணைப்பைப் படித்த ஒரே ஆள் நானாகத்தான் இருக்க வேண்டும்.

"கஸ்தூரி, கேளு. இப்பவே பெரிய ஆஸ்பத்திரி. ஆம்புலன்ஸுக்குச் சொல்லவா?"

"ரோட்டுல கன்டெய்னர் லாரி வரிசையா நிக்குது சிஸ்டர். அது வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். பக்கத்து வூட்ல மீன் வண்டி சும்மாதான் கீது, சந்துல பூந்து பூடலாம்."

"சரி. அவரைப் படுக்க வைக்காதே. உக்காந்தே வரணும். முன்னால சாஞ்சு, எச்சில் வெளியே வழியட்டும். தண்ணி, இளநீ, மாத்திரை, ஒண்ணும் வாயில ஊத்தாதே. யார் என்ன சொன்னாலும் ஊத்தாதே."

அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "சிஸ்டர், இவரு எப்பவுமே பேச மாட்டாரு. இப்பவும் பேசல. எனுக்கு இன்னா வித்தியாசம் தெரியும்?"

"வண்டியை எடுக்கச் சொல்லு" என்றேன். அவள் போனை வைத்ததும் மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்து, காது மூக்கு தொண்டை மருத்துவர் தயாராக இருக்க வேண்டும் என்று சொல்லி, சொன்னது யார், கேட்டுக்கொண்டது யார், மணி எத்தனை என்று எழுதி வைத்தேன்.

இரண்டு நிமிடத்தில் டாக்டர் நிவேதா திரைக்கு வந்தார். சொன்னேன். பதிந்திருந்த வீடியோவைப் போட்டு அந்தக் குரலை ஒருமுறை கேட்டார்.

"நீங்க சொன்னதேதானுங்க. அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பிட்டேன்."

"நல்லதுங்க." படிவத்தைத் திறந்தார். "சிஸ்டர், திங்கக்கெழமை அவரு பேசினாருங்களா?"

"இல்லை டாக்டர்."

"படிவத்துல ஆம்னு இருக்குதுங்களே. இன்னைக்குங்கூட இருக்குதுங்களே."

"நான்தான் போட்டேன்."

அவர் திட்டவில்லை. "மாத்திருங்க சிஸ்டர். மாத்தினதுன்னு தெரியற மாதிரி மாத்துங்க. அழிச்சிட வேண்டாமுங்க" என்றார். மூன்று "ங்க". டாக்டர் சற்குணம் என்னைக் குழாய்க்கு அனுப்பியிருப்பார். அது இதைவிடச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் 'ஆம்' மேல் கோடு போட்டு, பக்கத்தில் 'இல்லை' என்று இரண்டு நாளுக்கும் திருத்தினேன். பெட்டி திறந்தது. ஐம்பது எழுத்துக்கு மேலேயே வந்தது. திங்கட்கிழமை கட்டி இருந்திருக்காது, அதை இப்போதும் சொல்வேன். வாய் முழுதாகத் திறந்தது. ஆனால் அன்றைக்கு அவர் குரலை ஒரு தடவை கேட்டு வைத்திருந்தால் புதன்கிழமைக் குரலோடு ஒப்பிட ஏதாவது இருந்திருக்கும். அவர் சொந்தக் குரல் எப்படி இருக்கும் என்றே தெரியாமல் ஒரு தொண்டைக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

மூன்றரை மணிக்குக் கஸ்தூரி கூப்பிட்டாள். "ஊசி போட்டு உறிஞ்சி எடுத்துட்டாங்கோ சிஸ்டர். ஒரு பாட்டில் சீழு!" அவள் பாட்டில் என்றது ஊசிக் குழாயை. "கொஞ்சம் லேட்டாயிருந்தா கழுத்துல ஓட்ட போட வேண்டியிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. இப்ப மூச்சு நல்லா உடறாரு. தண்ணி குடிச்சாரு." அழுதாள். பிறகு, "எம்மேல கோவமா?" என்றாள். "உன் மேல எதுக்கு?" என்றேன்.

நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மீதி மாத்திரையையும் முடித்தார். இந்தப் படிவத்தை மூட வேண்டும் என்றால் ஒன்பதாவது கட்டத்தில் கடைசியாக ஒரு பதில் வேண்டும். ஆனால் ஏலம் திரும்ப ஆரம்பிக்கும் வரை தொண்டைக்கு ஓய்வு கொடுக்கும்படி மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வாராவாரம் கூப்பிடுவேன். கஸ்தூரி, "பேசாதன்னு சொல்லிக்கிறாங்கோ சிஸ்டர். இந்த தபா நெசமாவே டாக்டர் சொன்னது" என்பாள். சரி, பேசலாம் என்று ஆனதும் பேரு, தெரு, எங்க வலி என்று அவரே சொல்லட்டும் என்று சொல்லி வைத்துவிடுவேன். படிவம் திறந்தே கிடந்தது. திரையில் தேசப்பன் பெயர் சிவப்பில் எரியும். தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று நினைவூட்டல் வந்தது. நான்காவதில் 'காரணமற்ற தாமதம்' என்று எழுதியிருந்தார்கள். 'ஆம்' என்று ஒரு தட்டுத் தட்டினால் பச்சையாகிவிடும், சுமதிகூடச் சொன்னாள். நான் தட்டவில்லை.

தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பிய முதல் காலை, மையத்தைத் திறந்து உட்காரும்போதே அழைப்பு வந்தது. கஸ்தூரி. பின்னால் துறைமுகம். எஞ்சின், ஐஸ், ஆட்டோ ஹாரன், காக்கை. ஒன்றும் தெளிவாகக் கேட்கவில்லை. கூட்டத்துக்கு நடுவே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அப்போது அத்தனை சத்தத்துக்கும் மேலே ஒரு குரல் எழுந்து நின்றது. தகரத்தை இழுத்தது போல, நீளமாக, பிசிறில்லாமல்.

"யோவ், இரு! எல்லாரும் கம்முனு இருங்கப்பா! ஆஸ்பத்திரிக்குப் பேர் சொல்லணும்."

"மீன் நாறுது மாமு, பேரை அப்பால சொல்லிக்க" என்று யாரோ சொன்னார்கள். சிரிப்பு எழுந்தது.

"நாறினா நாறட்டும்டா, நேத்து புட்சது இன்னிக்கா நாறப்போவுது? சிஸ்டர்! பேரு தேசப்பன்! காசிமேடு, மீன் வலைத் தெரு! வலி... எங்கியும் இல்ல!"

நான் ஒன்பதாவது கட்டத்தைத் திறந்தேன். போன் கஸ்தூரி கைக்குத் திரும்பியது. மூச்சு வாங்கிக்கொண்டே, "சிஸ்டர், அவரு இன்னா சொல்றாருன்னா..." என்று ஆரம்பித்தாள்.

"நீ சொல்லாதே கஸ்தூரி. எனக்குக் கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டு, 'ஆம்' என்று தட்டினேன்.